தோலென்னும் மதிலும் நுண்ணூசிகளும்

வீக்கத்துக்குப் பற்றுப் போடுதல் நம் வீடுகளில் நெடுங்கால வழக்கம். ஆயினும், பூசியதெல்லாம் உடலினுள்ளே சென்றுவிடுவதில்லை. தோல், பொருள்களை உள்ளே விடுவதற்கன்று, தடுப்பதற்கே அமைந்தது. அதன் மேற்படை ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்களவே தடிப்புடையது. இறந்த கலங்கள் கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்க, இடையிலே கொழுப்புச் சாந்தாக நிற்கின்றது. இம்மெல்லிய மதிலைக் கடந்து மருந்தைச் செலுத்துவதெப்படி?

வாயால் உண்ட மருந்தில் ஒரு பகுதி, குருதியிற் பரவுமுன்னரே ஈரலிற் சிதைந்துபோவதுண்டு. ஊசியோ மருந்தை ஒரேயடியாகச் செலுத்துகின்றது. மருந்தைச் சிறுகச் சிறுகக் கசியவிடும் ஒட்டு ஒன்றை ஐக்கிய அமெரிக்காவின் அல்சா நிறுவனம் ஆக்கியது. 1979ஆம் ஆண்டில் அதற்கு அனுமதி கிடைத்தது. காதின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டால், பிரயாணத்தில் உண்டாகும் குமட்டலை அது மூன்று நாள்வரை தடுக்கும். மருந்துக்கும் தோலுக்கும் இடையே நுண்டுளைச் சவ்வு ஒன்றை வைத்து, கசியும் வேகத்தை அடக்கியதிலேதான் அதன் சாமர்த்தியம் முழுவதும் இருக்கின்றது. புகைப்பழக்கத்தை விட விரும்புவோருக்கான நிக்கொட்டின் ஒட்டு 1990களின் தொடக்கத்திலே வந்தது.

இங்கே வீட்டாருக்கு ஓர் எச்சரிக்கை. கடும் நோவைத் தணிக்கும் பென்டனில் ஒட்டிலே, கழற்றிய பின்னரும் மருந்து எஞ்சியிருக்கும். எறிந்த ஒட்டை எடுத்து வாயிலிட்ட குழந்தைகள் இறந்ததுண்டு. சூடுபட்டாலும் மருந்து மிகுதியாக உட்புகும்.

மதிலினூடே நுழைய வல்லவை சிறு மூலக்கூறுகளே. மூலக்கூற்று நிறை ஏறக்குறைய 500க்கு மேற்பட்டால் வழி அடைபட்டுவிடும். இன்சுலினின் நிறையோ 5,800 அளவினது! 1998இல் ஜோர்ஜியா தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த மார்க் பிரவுஸ்னிட்ஸ் முதலானோர் இதற்கொரு வழி காட்டினர். நுண்மின்னணுக் கருவிகளைச் செய்யும் முறையைக் கொண்டே, 0.15 மில்லிமீற்றர் நீளமான ஊசிகளைச் சிலிக்கனில் வரிசையாகச் செதுக்கினர். மேற்படையைத் துளைக்க அந்நீளம் போதும். நோவை உணர்த்தும் நரம்புகளோ பெரும்பாலும் அதற்குக் கீழே உள்ளன. பின்னர், மருந்தோடு சேர்த்து வார்க்கப்பட்டுத் தோலினுள்ளே கரைந்துவிடும் ஊசிகளும் தோன்றின.

ஆபிரிக்காவின் காம்பியா நாட்டிலே, குழந்தைகளின் மணிக்கட்டில் இத்தகைய ஒட்டை ஐந்து நிமிடம் வைத்து, சின்னமுத்து, ருபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பு மருந்தைச் செலுத்தினர். கிடைத்த எதிர்ப்புச் சக்தி, வழக்கமான ஊசியாற் கிடைப்பதை ஒத்திருந்ததாக 2024இல் முடிவுகள் வெளியாயின. குளிர்பெட்டியும் தாதியும் எளிதில் எட்டாத கிராமங்களை எண்ணிப் பார்த்தால், இத்துறையில் நிகழ்ந்தவற்றுள் இதுவே பெரிதென்பது என் துணிபு.

நாள்தோறும் ஊசியேற்றும் நீரிழிவு நோயாளரின் எதிர்பார்ப்பு வேறு. குருதியிற் சர்க்கரை உயரும்போது மாத்திரம் இன்சுலினை விடுவிக்கும் நுண்ணூசி ஒட்டு ஒன்றை, வட கரோலினா ஆராய்ச்சியாளர் 2015இல் சுண்டெலிகளிற் பரீட்சித்து வெற்றி கண்டனர். சுண்டெலிக்கும் மனிதருக்கும் இடையே தூரம் மிகுதி. அளவு சற்றே தப்பினாலும் உயிருக்கு ஆபத்தான மருந்தன்றோ அது! ஆகையால், ‘நீரிழிவு ஒட்டு’ என்று வரும் விளம்பரங்களை நம்பி, மருத்துவர் குறித்த ஊசியை எவரும் நிறுத்திவிடலாகாது.