கற்பனை என்னும் சொல்லும் ஓவியர் பணிக்கரும்

“கற்பனை” என்னும் சொல்லை நம் சபைகளில் உச்சரித்தால், கேட்போர் மனத்தில் முதலில் எழுவது சீனாய் மலையின் பத்துக் கற்பனைகளே. அவற்றுள் இரண்டாவது, உருவங்களைக் குறித்த தடை. காணாததைப் புனைந்து படைக்கும் ஆற்றலையும் அதே சொல் குறிப்பது தமிழில் நேர்ந்த ஒரு விந்தை. நெல்லிக்குப்பத்தில் நான் ஊழியஞ் செய்த நாள்களில், நெய்வேலி நகரியத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன், “ஐயா, கண்ணால் காணாததை வரைவது பொய்யாகாதா?” என்று கேட்டான். விக்கிரகத்திற்கும் படத்திற்குமுள்ள வேறுபாட்டை விளக்கி அனுப்பிவிட்டேன். அவன் கேட்டது அதுவன்று என்பது பின்னரே எனக்கு விளங்கிற்று.

அவனுக்கு நான் காட்டியிருக்க வேண்டியது கே. சி. எஸ். பணிக்கரின் (1911–1977) பாதையை. கோயம்புத்தூரில் பிறந்து, தந்தித் துறையில் பணிபுரிந்த அவர், 1936ல் தேவி பிரசாத் ராய் சௌதரியின் தலைமையிலிருந்த சென்னைக் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். தொடக்கத்தில் அவர் வரைந்தவையெல்லாம் கண்டவையே: தென்னஞ் சோலை, நீர்நிலை, வயல். பின்னர் மனித உருவங்கள் வந்தன. மலைப்பிரசங்கத்தில் சமாதானம் செய்வோரைக் குறித்த பாக்கியமும் அவருடைய ஓவியப் பொருளாயிற்று. 1954ல் இலண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அயலார் வகுத்த வழியை எத்துணைத் திறமையுடன் பின்பற்றினும் அது தம் வழியாகுமோ என்ற வினா அவரை விடவில்லை.

விடை கிடைத்தது 1963ல். அதுவும் எளிய ஓரிடத்தில். ஒரு மாணவனுடைய கணக்கு நோட்டின் பக்கமொன்று அவர் கண்ணிற் பட்டது. எண்களும் எழுத்துகளும் கோடுகளும் நிறைந்த அப்பக்கத்தை அவர் கணக்காக வாசியாமல், வடிவமாகக் கண்டார். “சொற்களும் குறியீடுகளும்” என்னும் ஓவிய வரிசை அதிலிருந்து பிறந்தது. ஆங்கில எழுத்துகள் பின்னர் விலகின. மலையாள எழுத்தை ஒத்த வரிகளும், சாதகக் கட்டங்களும், யந்திரக் கோலங்களும், நாட்டுப்புற உருவங்களும் அவ்விடத்தைப் பெற்றன. சாதகக் கட்டம் ஓர் ஆயனுக்கு உவப்பானதன்று. எனக்கும் அது உறுத்தவே செய்தது. ஆயினும் அவர் அதில் எவருடைய வருங்காலத்தையும் கணிக்கவில்லை. சிறு வயது முதல் வீட்டிலும் ஊரிலும் கண்டு பழகிய ஏட்டின் தோற்றத்தையே எடுத்துக்கொண்டார். அவருடைய கற்பனைக்கு ஊற்று வானத்திலில்லை; கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது.

அவ்வரிகளை எவரும் வாசிக்க இயலாது. அவை எழுத்துப் போலிருக்கும், சொல்லாகா. வசனத்தை வாசித்து விளக்குவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது முதலில் எரிச்சலூட்டும். நானும் ஓர் ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்று, எழுத்துக்கூட்டிப் பார்த்துத் தோற்றேன். அப்பொழுதுதான், எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி ஞாயிறுதோறும் வேதாகமத்தை மடியில் விரித்து வைத்து, வரிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தது நினைவிற்கு வந்தது. அவள் வாசிக்கவில்லை என்று எந்தத் துணிவில் சொல்வேன்?

1957ல் அக்கலைப்பள்ளியின் முதல்வரான பணிக்கர், தம் மாணவர் வேலைக்காகக் கலையைக் கைவிடக் கண்டு, 1966ல் ஈஞ்சம்பாக்கத்தருகே சோழமண்டல ஓவியர் கிராமத்தை அவர்களுடன் நிறுவினார். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்று அவர்கள் பிழைத்தனர். ஓவியத்தை எஞ்சிய நேரத்தில் வரைந்தனர். சென்னைக்கு வரும் இறையியல் மாணவர், மாமல்லபுரச் சாலையில் அங்கே இறங்கி அருங்காட்சியகத்தைக் காணலாம்.