தோட்டப்புற வறுமையும் தகவல் தொழில்நுட்பமும்

தொழில்நுட்பம் புகுந்த இடத்தில் வறுமை தானே விலகும் என்னும் கருத்து இன்று பரவலாகக் காணப்படுகின்றது. ஜொகூரில் வாழும் நாம் இக்கருத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. நம் முன்னோர் உழைத்த தோட்டங்களின் வரலாறு வேறு செய்தியைச் சொல்கின்றது.

மலாயா இரப்பர் ஆய்வுக் கழகம் 1925இல் நிறுவப்பட்டது. அது உருவாக்கிய உயர்விளைச்சல் ஒட்டுமர வகைகள் ஒரே நிலத்திலிருந்து கிடைக்கும் பாலைப் பல மடங்காக்கின. 1970களில் மரத்தின் பால்சுரப்பைத் தூண்டும் எத்தெஃபோன் என்னும் வேதிப்பொருளும் புழக்கத்திற்கு வந்தது. உலக அளவில் போற்றப்பட்ட அறிவியல் சாதனைகள் இவை. ஆயினும் விளைச்சல் உயர்ந்த அளவிற்குப் பால்வெட்டுத் தொழிலாளியின் வாழ்வு உயரவில்லை. பின்னர் இரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது, அதே நிலத்திற்கு முன்னைவிட மிகக் குறைந்த ஆட்களே போதுமானவர்களாயினர். வேலையோடு லயத்து வீடும் போயிற்று. குடும்பங்கள் மாசாய், ஸ்கூடாய், கூலாய் எனப் பட்டண ஓரங்களுக்குப் பெயர்ந்தன. தோட்டம் தனியார் நிலம் என்பதால், கம்பங்களுக்கும் ஃபெல்டா குடியேற்றங்களுக்கும் சென்ற சாலை, மின்சாரம், குடிநீர்த் திட்டங்கள் நெடுங்காலம் தோட்ட வாயிலோடு நின்றன. இன்றும் தோட்டப் பெயரைத் தாங்கியபடி நகரத்துக்குள் நிற்கும் நம் தமிழ்ப்பள்ளிகள் சில இவ்வரலாற்றின் எச்சங்களே.

ஆகவே, ஒரு கருவி என்ன செய்யும் என்று கேட்பதற்கு முன், அது யார் கையில் இருக்கின்றது, எம்மொழியில் பேசுகின்றது என்று கேட்பதே முறையாகும். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு புதுச்சேரியில் கிடைக்கின்றது.

1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. கனடாவின் பன்னாட்டு மேம்பாட்டு ஆய்வு மையம் இதற்கு நிதியுதவி அளித்தது. வில்லியனூர் நடுவமாக அமைந்தது. அங்கிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்குச் செய்திகள் சென்றன. தொலைபேசிக் கம்பிகளை நம்ப இயலாத காலம் அது. எனவே வானொலி அலைவழியே பேச்சும் தரவும் அனுப்பப்பட்டன. மின்தடையைச் சமாளிக்கச் சூரிய மின்தகடுகள் பொருத்தப்பட்டன. இவற்றைவிட நாம் கருதத்தக்கது, கணினியைக் கொண்டுவருமுன் அவர்கள் செய்த பணியாகும். மக்கள் எச்செய்தியை யாரிடம் கேட்டறிகின்றனர், எதற்காக அலைகின்றனர் என்பதை ஊர்தோறும் ஆராய்ந்தனர். இடத்தை ஊரார் தரவேண்டும். சாதி வேறுபாடின்றி எல்லாரும் உள்ளே வர இயலவேண்டும் என்று நிபந்தனையும் விதித்தனர். மையங்களை நடத்தியவர்களில் பெண்கள் பலர்.

வீராம்பட்டினம் ஒரு மீனவச் சிற்றூர். அங்குள்ளோருக்கு வேண்டியிருந்தது கடலின் நிலை. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளம் வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பை மையத்தார் பதிவிறக்கித் தமிழாக்கி, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். வலை பின்னிக்கொண்டிருந்தவரும் படகைத் தள்ளிக்கொண்டிருந்தவரும் நின்ற இடத்திலேயே அதைக் கேட்டனர். கணினியைத் தொடவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை, எழுத்தறிவும் தடையாகவில்லை. இணையத்தையும் செவியையும் இணைத்தது தமிழ்க்குரல் ஒன்றே.

2004 திசம்பர் 26ஆம் நாள் காலை இவ்வேற்பாடு உயிர்காப்பாயிற்று. நல்லவாடு என்னும் ஊரைச் சேர்ந்த ஒருவர், நமக்கு அக்கரையிலுள்ள சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். ஆழிப்பேரலைச் செய்தியை அறிந்ததும் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியை இயக்கினர். அலை ஊருக்குள் புகுமுன் மக்கள் வெளியேறினர். வீடுகளும் படகுகளும் சிதைந்தன; 3,600 பேருக்கு மேல் வாழ்ந்த அவ்வூரில் உயிர்கள் தப்பின. ஒலிபெருக்கி என்பது பழைய கருவிதான். ஆயினும் நாள்தோறும் அதன் சொல்லை நம்பிப் பழகியிருந்த ஊர் அது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 2020இல் கல்வி அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இல்லிருப்புக் கற்றல் எத்தகைய சோதனையாக இருந்தது என்பதை ஆசிரியர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஜெண்டெலா திட்டம் இணைய வலைப்பின்னலை விரிவாக்கியது. நாடெங்கும் 1,000க்கும் மேற்பட்ட ‘நாடி’ மையங்கள் இயங்குகின்றன. அங்குக் கணினியும் இணையமும் பயிற்சியும் கிடைக்கின்றன. நல்ல ஏற்பாடு. எனினும் வண்டியில்லாத தோட்டக் குடும்பத்திற்கு மையம் இருக்கும் தொலைவும் ஒரு செலவே.

உதவித்தொகைகளும் இன்று தரவுத்தளங்களின் வழியே வருகின்றன. வறியோர் பட்டியலான இ-காசே 2008 முதல் நடைமுறையில் உள்ளது. 2024 சனவரியில் ‘பாடு’ எனும் முதன்மைத் தரவுத்தளம் தொடங்கப்பெற்றது. பட்டியலில் பெயர் இல்லாத ஏழை, அரசின் கண்ணுக்கு ஏழையல்லர். இதற்கு மாறாக, 2025 ஆகத்து 31 முதல் வயதுவந்த குடிமக்கள் அனைவருக்கும் வழங்கப்பட்ட 100 வெள்ளி ‘சாரா’ உதவி, மைகார்டு வழியாகவே செலுத்தப்பட்டது. விண்ணப்பமோ திறன்பேசியோ வேண்டியதில்லை. பதிவுபெற்ற கடையில் அட்டையைக் காட்டினால் போதும். முதிய பாட்டியின் கைப்பையில் ஏற்கெனவே இருந்த பொருளையே கருவியாக்கிய இவ்வழி, புதிய செயலிகள் பலவற்றினும் மேலானது என்பது நம் கருத்து.

எல்லா உதவியும் இவ்வாறு எளிதாக வந்துசேர்வதில்லை. பலவற்றிற்குப் படிவம் நிரப்பவேண்டும். இங்கேதான் தமிழ்ப்பள்ளிக்கு வேலை இருக்கின்றது. ‘ஈசி ரூமா’ எனும் மலாய்த்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வீட்டிலுள்ள பொருள் என்றாகிவிடும். படிவம் கேட்பதோ ஒரே இல்லத்தில் சேர்ந்து வாழ்வோரை. ‘தங்குங்கான்’ என்பது நம்மைச் சார்ந்து வாழ்வோரைக் குறிக்கும். மணமாகி வேறிடம் சென்ற மகளை அதில் எழுதிவிட்டால் கணக்குத் தவறும். இத்தகைய முப்பது நாற்பது சொற்களைத் தொகுத்து, ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் தம் பாட்டி தாத்தாவிற்கு வாய்மொழியாக விளக்கும் பயிற்சியாக அமைக்கலாம். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு இதனினும் பயனுள்ள பாடப்பொருள் எளிதில் கிடைக்காது. ஒரு பருவத்திற்குள் இதனை முடித்துவிடவும் இயலும்.