பாதையைத் தேய்ப்பவர் யார்?

புல்தரையின் குறுக்கே நாள்தோறும் சிலர் நடந்தால் போதும். சில வாரங்களில் அங்கே ஓர் ஒற்றையடிப் பாதை தோன்றிவிடும். மழை விட்டபின் அதைக் கவனித்துப் பாருங்கள். இருபுறமும் புல் இருக்கும் இடத்தில் நீர் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். பாதையில் மட்டும் தேங்கி நிற்கும். சரிவாக இருந்தால் சிறு வாய்க்காலாகவே ஓடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் மலைப் பாதைகளை நடப்பவர், ஓடுபவர், சைக்கிளில் செல்பவர் ஆகிய மூவருமே விரும்புகின்றனர். பாதை பாழாகும்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார். பெரும்பாலும் பழி சைக்கிள்காரர் தலையில்தான் விழுகிறது. இது நியாயமா?

முதலில் அழுத்தத்தைக் கணக்கிடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்பதாகக் கொள்வோம். காலணியின் அடிப்பரப்பு சுமார் 150 சதுர செ.மீ. எனில், தரையில் விழும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.4 கிலோ. ஓடுபவரின் கால் தரையில் மோதும்போது விசை அவர் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்காகிறது; ஆகவே அழுத்தம் 1.2 கிலோ வரை உயரும். சைக்கிள் சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் உள்ள அழுத்தமோ, டயரில் அடைத்த காற்றின் அழுத்தத்திற்கு ஏறத்தாழச் சமம். மலைச் சைக்கிளில் அது சுமார் 2 கிலோ. கணக்குப்படி சைக்கிளே குற்றவாளி!

ஆனால், சோதனை வேறு கதை சொல்கிறது. அமெரிக்காவின் மான்டானா மாநில மலைப் பாதைகளில் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்புகளும் மனிதக் கால்களுமே அதிக மண்ணைப் பெயர்த்தன. முன்பே நனைந்திருந்த பாதையில் இந்த வேறுபாடு இன்னும் கூடியது. கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு காட்டில் 500 முறை வரை நடந்தும் சைக்கிளோட்டியும் பார்த்தார்கள். செடிகளுக்கும் மண்ணுக்கும் ஏற்பட்ட சேதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது 2001இல் வெளியான முடிவு.

காரணம் எளிது. உருளும் சக்கரம் மண்ணை அமுக்கிவிட்டுப் போகிறது. காலோ மண்ணைப் பின்னுக்குத் தள்ளுகிறது; இறங்கும்போது குதிகால் குத்துகிறது, ஏறும்போது நுனிக்கால் கிளறுகிறது. இதற்காகச் சைக்கிளுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. சரிவில் பிரேக்கை இறுக்கிச் சறுக்கினால் சக்கரம் மண்ணைச் சீவிவிடும். மேலும், காலடிகள் தனித்தனிக் குழிகள். சக்கரத் தடமோ தொடர்ச்சியான கோடு. நீருக்கு அதைவிட வசதியான வழி வேறில்லை.

ஆம், பெரிய குற்றவாளி நீர்தான். மிதிபட்ட மண்ணில் நுண்துளைகள் நசுங்கிவிடுவதால் நீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடுகிறது. ஓடும் வேகம் இரு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை இரு மடங்கு அல்ல, ஏறத்தாழ 64 மடங்காகும்! மலைச்சரிவில் நேர் கீழாக இறங்கும் பாதை ஓடையாகிவிடுவது இதனால்தான். சரிவின் குறுக்கே வளைந்து செல்லும் பாதை நெடுநாள் நிற்கும்.

1965இல் திறக்கப்பட்ட ‘பென்னைன் வழி’ சுமார் 430 கி.மீ. நீளமானது, பெரும்பகுதி நடப்பவருக்கு மட்டுமே உரியது. அதன் தென்பகுதியில் ‘பீட்’ என்னும் கருநிறச் சதுப்பு மண் உள்ளது. ஸ்பாக்னம் என்ற பாசி முற்றாக மட்காமல் படிந்து உண்டாகும் இம்மண், ஆண்டுக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும். ஒரு மீட்டர் ஆழப் பள்ளம் விழுந்தால் ஆயிரம் ஆண்டுச் சேமிப்பு போயிற்று என்று பொருள்.

சைக்கிள் அதிகம் செல்லாத அங்கே நடந்தது என்ன? சேற்றைக் கண்டவர்கள் ஓரமாக ஒதுங்கி நடந்தார்கள். அந்த ஓரமும் சேறாயிற்று. அடுத்து வந்தவர் இன்னும் ஒதுங்கினார். சில இடங்களில் பாதை பல பத்து மீட்டர் அகலத்துக்குப் பரந்துவிட்டது. செடிகளுக்கு முதல் சில மிதிகளிலேயே பெரும் சேதம் ஏற்பட்டுவிடும். அதன்பின் மிதிப்பவர்களால் கூடுதல் சேதம் குறைவு. எனவே, நூறு பேர் ஒரே தடத்தில் நடப்பதைவிட, பத்துத் தடங்களில் பிரிந்து நடப்பதே கொடுமை.

இதற்குக் கண்ட மருந்து சுவையானது. இடிக்கப்பட்ட பழைய பருத்தி ஆலைகளின் தரைக்கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து சதுப்பின்மேல் வரிசையாகப் பரப்பினார்கள். 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலமுள்ள கல்லின் எடை 150 கிலோ என்று வைத்துக்கொண்டு, மேலே நிற்பவரின் 60 கிலோவையும் சேர்த்தாலும், 6,000 சதுர செ.மீ. பரப்பில் அது பரவுகிறது. அழுத்தம் 0.035 கிலோதான், வெறுங்காலணியின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மலையை நடைமேடையாக்கிவிட்டார்கள் என்று குறைகூறியவர்களும் உண்டு. ஈரக்கல் வழுக்கும் என்பதும் மெய்தான்.

அப்படியானால், நடப்பவருக்குச் சைக்கிள்காரர்மேல் ஏன் கோபம்? அது மண்ணைப் பற்றியது அல்ல, வேகத்தைப் பற்றியது என்பது என் எண்ணம். பின்னாலிருந்து திடீரென வரும் சைக்கிள் யாரையும் திடுக்கிட வைக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப் பாதைகளில் சைக்கிள் செல்ல 1968ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை அளித்தபோதே, நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்று விதித்தது. வேல்ஸில் 1,085 மீட்டர் உயரமுள்ள ஸ்னோடன் மலையில், மே முதல் செப்டம்பர் வரை காலை 10 முதல் மாலை 5 மணி வரை உச்சிப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவதில்லை என்று தாமாகவே உடன்பாடு கண்டார்கள். இது நெரிசலுக்கு மருந்து, மண்ணரிப்புக்கு அல்ல.

மண்ணரிப்புக்கு நீரை வழிமாற்ற வேண்டும். நடப்பவர்க்கான பாதையில் கற்களைக் குறுக்கே சாய்வாகப் பதித்து நீரை ஓரத்துக்குத் திருப்புவார்கள். சைக்கிள்காரரோ அக்கல்லைச் சுற்றிப் போவார். பாதை மறுபடி அகலமாகும்! ஆதலால் மூவருக்கும் பொதுவான பாதையில் கல்லுக்குப் பதிலாக, சக்கரம் எளிதில் ஏறி இறங்கும்படி ஆழமில்லாத அகன்ற பள்ளத்தைக் குறுக்கே அமைப்பது நல்லது.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இருபுறமும் திறந்த ஒரே அளவான இரண்டு தகர டப்பாக்களை எடுத்து, ஒன்றை ஒற்றையடிப் பாதையிலும் மற்றதைப் பக்கத்துப் புல்தரையிலும் இரண்டு விரற்கடை ஆழம் அழுத்துங்கள். இரண்டிலும் ஒரு தம்ளர் நீர் ஊற்றி, அது இறங்க எத்தனை நிமிடம் ஆகிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். பாதையில் வைத்த டப்பாவின் அருகில் உட்காருபவருக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.