ஆள் ஐயாயிரம், மாடு லட்சத்துக்கு மேல்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கனெக்டிகட் என்றொரு சின்ன மாநிலம். 36 லட்சம் பேர் அங்கே நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அந்த மாநிலத்தை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும் ஒரு கவுன்ட்டி, நாட்டின் நடுவே நெப்ராஸ்காவில் இருக்கிறது. பெயர் செர்ரி. பரப்பு ஏறத்தாழ 15,500 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் தலை எண்ணியபோது 5,455 பேர்தான் தேறினார்கள். அவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர், அதாவது 2,633 பேர், தலைநகரான வாலன்டைனில் ஒண்டிக்கொண்டவர்கள். மற்றவர்களை மிச்ச நிலத்தில் பரப்பி நிறுத்தினால் ஐந்து சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஆள்கூட வராது. கிழக்குப் பகுதியில் மணி பத்து அடித்தால் மேற்குப் பகுதியில் ஒன்பதுதான். நேர மண்டலக் கோடு கவுன்ட்டிக்குள்ளேயே ஓடுகிறது.

மாடுகளுக்குப் பஞ்சமில்லை. இறைச்சிக்காகக் கன்று ஈனும் பசுக்கள் மட்டுமே லட்சத்துக்கு மேல். இந்தக் கணக்கில் அமெரிக்கக் கவுன்ட்டிகளின் முதல் வரிசையில் செர்ரி இருக்கிறது.

இத்தகைய ஊர்களைப் பற்றி எழுதும்போது பூட்டிய கடை, உடைந்த ஜன்னல், ஊரை விட்டுப் போன இளைஞர்கள் என்று ஒப்பாரி வைப்பது பத்திரிகை வழக்கம். செர்ரியைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். இங்கே எத்தனை பேர் பிழைக்கலாம் என்று வாஷிங்டன் ஒரு கணக்குப் போட்டது. மண் வேறொரு கணக்குப் போட்டது. ஜெயித்தது மண்.

மண் என்று சொல்வதுகூடத் தப்பு. அத்தனையும் மணல். நெப்ராஸ்காவின் நடுவிலும் வடமேற்கிலுமாகச் சுமார் 50,000 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கும் சாண்ட்ஹில்ஸ் மணற்குன்றுகளின் இதயப் பகுதி இது. சில குன்றுகள் 120 மீட்டர் உயரம். பாலின் மேல் ஆடை படிந்த மாதிரி அவற்றின் மேல் புல் படிந்திருப்பதால்தான் பாலைவனமாக நகராமல் நிற்கின்றன. பெய்யும் மழை ஓடுவதில்லை, அப்படியே உள்ளே இறங்கிவிடுகிறது. அடியில் ஒகல்லாலா நிலத்தடி நீர்த்தேக்கம். குன்றுகளுக்கு நடுவே தாழ்ந்த இடங்களில் நீர் தானே மேலே வந்து ஏரியாகவும் ஈரப் புல்வெளியாகவும் கிடக்கும். மற்ற இடங்களில் காற்றாலை ஒன்றும் தொட்டி ஒன்றும் வைத்தால் போதும், மாட்டுக்குத் தண்ணீர் கிடைத்துவிடும்.

அந்த ஆடை கிழிந்தால்தான் ஆபத்து. மாடுகள் ஒரே தடத்தில் நடந்து புல் தேய்ந்துவிட்டால் காற்று அங்கே வாய் வைக்கும். குழி விழும், வருஷா வருஷம் அகலும், பக்கத்துப் புல்லை மணல் மூடும். 'ப்ளோஅவுட்' என்று பண்ணைக்காரர்கள் பயத்தோடு சொல்வது இதைத்தான். பழைய டயர்களைக் குழிக்குள் போட்டு, வைக்கோல் பரப்பி, வேலி கட்டி ஆற்றப் பார்ப்பார்கள். 1970-களில் வெளியூர் முதலீட்டாளர்கள் வந்து, சுழலும் நீர்ப்பாசன இயந்திரங்களை நிறுத்திச் சோளம் போட்டுப் பார்த்தார்கள். பல இடங்களில் மணல்தான் விளைந்தது.

முதலில் வந்த மாட்டுக்காரர்களுக்கே இந்தக் குன்றுகள் என்றால் கிலி. உள்ளே போன மாடு திரும்பாது என்று நம்பினார்கள். 1879-ல் ஒரு பனிப்புயல் நியூமன் என்பவரின் மந்தையை உள்ளே விரட்டியது. செத்திருக்கும் என்று தேடிப் போனவர்கள், குளிரைத் தாண்டிக் கொழுத்துத் திரியும் மாடுகளைப் பார்த்தார்கள். அதில் எத்தனையோ வருஷம் முன்னால் தொலைந்து, சூட்டுக்குறியே இல்லாமல் பிறந்து வளர்ந்தவையும் சேர்த்தி. அப்புறம் என்ன, ஆளாளுக்கு வளைத்துப் போட்டார்கள். 1883-ல் கவுன்ட்டி உருவானது.

வளைத்தவர்களில் பெரிய புள்ளி பார்ட்லெட் ரிச்சர்ட்ஸ். அவருடைய ஸ்பேட் பண்ணை ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல். பெரும்பகுதி அரசு நிலம். முள்கம்பி மட்டும் அவருடையது. 1905-ல் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் விதித்தது 300 டாலர் அபராதம், ஆறு மணி நேரக் காவல். அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் கொதித்துப்போய் அரசு வழக்கறிஞரையும் மார்ஷலையும் வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த வழக்கு மோசடியாக நிலம் பதிந்ததற்கு. இந்த முறை ஓராண்டுச் சிறை. தண்டனைக் காலம் முடியும் முன்பே, 1911-ல் ரிச்சர்ட்ஸ் இறந்தார். அவர் செய்தது அப்பட்டமான மோசடி. ஆனால், இந்த நிலத்தைச் சின்னத் துண்டாக வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்று அவர் சொல்லிவந்ததில் பொய் இல்லை.

வாஷிங்டனின் கணக்கு நேர் எதிரானது. 1862-ம் ஆண்டுச் சட்டப்படி குடியேறியவருக்கு 160 ஏக்கர். மணலில் அது பற்றாது என்று கண்டு, மோசஸ் கின்கெய்ட் என்ற காங்கிரஸ் உறுப்பினர் 1904-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். நெப்ராஸ்காவின் 37 கவுன்ட்டிகளில் ஐந்து வருஷம் குடியிருந்து நிலத்தை மேம்படுத்தினால் 640 ஏக்கர் இலவசம். கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஒரு பசுவும் கன்றும் வருஷம் முழுக்க மேய இங்கே பத்துப் பதினைந்து ஏக்கராவது வேண்டும். 640 ஏக்கரில் நாற்பது, ஐம்பது பசு. அதை வைத்து ஒரு குடும்பம் எப்படித் தேறும்? புல்தரையை மண்ணோடு செங்கல்லாக வெட்டி வீடு கட்டினார்கள். விறகுக்கு மரமில்லாமல் காய்ந்த சாணியை எரித்தார்கள். 1920-ல் கவுன்ட்டியின் மக்கள்தொகை 11,753. அதுதான் உச்சம். பிறகு ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியது பக்கத்துப் பண்ணை.

அப்படிப் போனவர்களில் மறக்கக்கூடாதவர்கள் டிவிட்டி ஊர்க்காரர்கள். 1907-ல் தொடங்கி, வட லூப் ஆற்றோரம் கறுப்பினக் குடும்பங்கள் கின்கெய்ட் நிலம் எடுத்துக் குடியேறின. அடிமை முறை ஒழிந்து ஒரு தலைமுறை தாண்டியிருந்தது; சொந்த நிலம் என்பது அவர்களுக்குச் சாதாரண விஷயமில்லை. தேவாலயம், பள்ளிக்கூடம், பேஸ்பால் அணி எல்லாம் இருந்தது. நெப்ராஸ்காவின் கறுப்பினக் கிராமக் குடியிருப்புகளில் இதுவே பெரியது, அதிக நாள் தாக்குப்பிடித்ததும் இதுவே. 1930-களில் கலைந்துபோனது. நிலத்தின் கணக்கு நிறம் பார்க்கவில்லை. அந்த இடத்தை நினைவுகூரும் பலகை வைக்கப்பட்டது 2016-ல்தான்.

இன்றைய வாலன்டைனுக்கு வெளியுலகத் தொடர்பு பிப்ரவரியில் சூடு பிடிக்கும். காதலர் தின வாழ்த்து அட்டைகளை இந்த ஊர்த் தபால் முத்திரை விழ வேண்டுமென்றே எங்கிருந்தெல்லாமோ அனுப்புகிறார்கள். ஊருக்குப் பெயர் கொடுத்ததோ எட்வர்ட் வாலன்டைன் என்ற அரசியல்வாதி! 2024-ல் கமலா ஹாரிஸின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற டிம் வால்ஸ் சிறுவயதில் வளர்ந்தது இங்கேதான். தமிழ்நாட்டுத் துளசேந்திரபுரத்துப் பேத்தியான கமலாவும் வாலன்டைன் பையனும் ஒரே அணியில் நின்றார்கள் என்பது சுவாரசியம்தான். செர்ரி கவுன்ட்டி அசையவில்லை, டிரம்புக்கே பெருவாரியாகப் போட்டது.

வெளியே பண்ணைகளில் வசந்தம் வந்தால் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடும் வேலை. அக்கம்பக்கம், அதாவது முப்பது நாற்பது கிலோமீட்டர் சுற்று வட்டாரம், குதிரையோடு வந்து சேரும். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு, மறுவாரம் திருப்பிப் போய் உதவ வேண்டும். சிக்கல் பள்ளிப் படிப்பில் வரும். உயர்நிலைப் பள்ளி தூரமென்பதால், வாரநாட்களில் அம்மாவும் பிள்ளைகளும் டவுனில் வீடெடுத்துத் தங்க, அப்பா பண்ணையில் தனியாகக் கிடக்கும் குடும்பங்கள் உண்டு.

மேற்கே கோடி என்று ஒரு சின்ன ஊர். நூற்றைம்பது சொச்சம் பேர். அங்கே மளிகைக் கடை இல்லாமல் போனது. பள்ளி மாணவர்களே இறங்கி, வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவரெழுப்பிய கட்டடத்தில் 2013-ல் 'சர்க்கிள் சி மார்க்கெட்' திறந்தார்கள். சரக்கு எடுப்பது, கல்லாவில் நிற்பது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர்களுக்குப் பாடம். ஊருக்குப் பால், ரொட்டி.

நிலத்துக்குப் புதுப் போட்டியும் வந்துவிட்டது. சி.என்.என். தொடங்கிய டெட் டர்னர் 1990-களிலிருந்து இங்கே பெரும் பண்ணைகளை வாங்கி, மாட்டுக்குப் பதில் காட்டெருமை விட்டார். உள்ளூரில் முணுமுணுப்பு. அவர் புல்லைக் கெடுத்தார் என்பதல்ல புகார். அந்த விலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகளால் வாங்க முடியுமா என்பதுதான். நெப்ராஸ்காவில் பள்ளிகளுக்கான பணம் பெரும்பாலும் சொத்து வரியிலிருந்து வருகிறது. நில மதிப்பு ஏற ஏற, கையில் காசில்லாத பண்ணைக்காரரின் வரியும் ஏறும்.

இப்போதைய பெரிய எதிரி மரம். காற்றுத் தடுப்புக்காக வீட்டைச் சுற்றி நட்ட செந்தேவதாரு, முன்பு காட்டுத்தீக்குக் கட்டுப்பட்டிருந்தது. தீயை மனிதர்கள் அணைக்கப் பழகியதும் அது புல்வெளிக்குள் பரவி, நிழலால் புல்லைக் கொல்கிறது. புல்வெளியில் தீ என்றால் நடுங்கும் அதே பண்ணைக்காரர்கள், வசந்த காலத்தில் காற்று பார்த்து, தண்ணீர் வண்டியை நிறுத்தி, கூட்டுச் சேர்ந்து தங்கள் நிலத்துக்குத் தாங்களே தீ வைக்கிறார்கள்.