80 முதல் 400 வரை

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் எந்த ஹார்டுவேர் கடையில் கேட்டாலும் உப்புத்தாள் கிடைக்கும். சுவருக்குப் பட்டி பார்ப்பவர்கள் தினமும் வாங்குவதால் 80, 120, 150 நம்பர் தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கும். வண்டிக்குப் பெயின்ட் அடிப்பவர்களுக்காகக் கறுப்பு வாட்டர் பேப்பரும் உண்டு. 2 இன்ச் வட்டமாக, பின்னால் வெல்க்ரோ ஒட்டியது வேண்டும் என்றால்தான் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். "அதெல்லாம் இங்க யாருண்ணே கேக்குறா? தஞ்சாவூர்ல பாருங்க."

தஞ்சாவூரில் 5 இன்ச் வட்டம் கிடைக்கும். ஆனால் பெட்டியாகத்தான் வாங்க வேண்டும், பெட்டி முழுக்க ஒரே நம்பர். கதவும் கட்டிலும் செய்யும் பட்டறைக்கு அது சரி. ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து கொட்டாங்குச்சியில் கிண்ணம் செய்கிறவருக்கு ஒவ்வொரு நம்பரிலும் நான்கு வட்டம் இருந்தால் மாதக்கணக்கில் ஓடும். அந்த நான்கைச் சில்லறையாக விற்க ஆளில்லை. அதனால் நானே வெட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். என்னைப் போலவே மரத்தோடும் சிரட்டையோடும் மல்லுக்கட்டும் நண்பர்கள் கேட்டார்கள், அவர்களுக்கும் அனுப்பினேன். இன்று அது வாராவாரம் நடக்கிற வேலை. தாள், வெல்க்ரோ, தபால் ஆகியவற்றுக்கு ஆகும் செலவை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.

டெல்டாவில் கைவேலைப் பிரியர்களுக்கு மரத்துக்குப் பஞ்சமில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்த்த தென்னையும் பலாவும் மாவும் எத்தனை குடும்பங்களைச் சாய்த்தன என்பது ஊரறியும். அப்படி விழுந்த ஒரு பலாவின் துண்டுகள் என்னிடம் இன்னமும் இருக்கின்றன. டிரில் மெஷினும் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. வேலை நின்றுபோகிற இடம் கடைசிக் கட்டம். கிண்ணம் உருவாகிவிடும், ஆனால் வழவழப்பு வராது. பலர் அதோடு அலுத்துப்போய்ப் பரணில் தூக்கி வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் கை வராமல் இல்லை. சரியான தாள்கள் வரிசையாகக் கையில் இல்லை, அவ்வளவுதான்.

கொட்டாங்குச்சியையே எடுத்துக்கொள்வோம். மட்டையின் நாரைச் சுரண்டிய பிறகு மேல்புறம் மேடும் பள்ளமுமாக இருக்கும். உப்புத்தாளை மடித்துக் கையால் தேய்த்தால் வளைவில் ஒரு கோடு அளவுக்குத்தான் படும். விரல் வலிக்கும், சிரட்டை அசையாது. மெத்தென்ற அடியில் ஒட்டிய வட்டம் வளைவுக்கு ஏற்ப அமுங்கிக்கொடுக்கும். அந்த அடியையும் வீட்டிலேயே செய்கிறேன். 50 மி.மீ. பிளைவுட் வட்டம், நடுவில் 6 மி.மீ. போல்ட், அதன்மேல் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு, அதற்கும் மேல் வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம். போல்ட்டை டிரில்லில் மாட்டினால் முடிந்தது. மெதுவான வேகத்தில் ஓட்டுவது முக்கியம். வேகம் கூடினால் சூட்டில் பிளாஸ்டிக் கொக்கிகள் உருகி மழுங்கிவிடும். அப்புறம் வட்டம் நிற்காமல் பறக்கும்.

வட்டம் வெட்ட ஓர் இரும்புக் குழாய். லேத் பட்டறையில் அதன் வாயை வெளிப்புறமாகக் கடைந்து கூராக்கித் தந்தார்கள். தாளின் முதுகில் வெல்க்ரோவின் துணிப் பக்கத்தை ஒட்டி, இரவு முழுக்கப் பாரம் வைத்து, காலையில் கட்டையின் மேல் போட்டுச் சுத்தியலால் ஒரு அடி. கடையில் வரும் தாள் 9-க்கு 11 இன்ச், அதாவது சுமார் 230-க்கு 280 மி.மீ. நேர் வரிசையில் வெட்டினால் 20 வட்டம் வரும். தென்னை நடவில் சதுர முறையை விட்டு முக்கோண முறைக்குப் போனால் அதே மனையில் கன்று கூடுவதுபோல, இங்கேயும் வரிசையை அரை வட்டம் தள்ளி வெட்டினால் 24 வந்துவிடும். ஒருவருக்கு நான்கு என்றால் ஒரு தாள் ஆறு பேருக்கு.

ஓர் உறையில் 80, 120, 180, 240, 320, 400 என்று ஆறு நம்பர்கள் போகும். நம்பர் என்பது மணலின் பருமன். தாளில் 'பி' எழுத்தோடு அச்சிட்டிருக்கும் ஐரோப்பிய அளவுப்படி 80-இல் ஒரு துகள் சராசரியாக 201 மைக்ரான்; 120-இல் 125; 240-இல் 58.5, 400-இல் 35. ஒவ்வொரு நம்பரும் செய்வது ஒரே வேலைதான்: முந்தைய நம்பர் போட்ட கீறலை அழித்து, அதைவிட நுண்ணிய கீறலை வைப்பது. 80 முடித்ததும் 240-க்குத் தாவினால் 201 மைக்ரான் மணல் கிழித்த பள்ளத்தை 58 மைக்ரான் மணல் எப்போது அழிக்கும்? தேய்க்கும்போது எல்லாம் சரியாகிவிட்டதுபோலத் தெரியும். எண்ணெய் தடவியதும் அத்தனை கீறலும் எழுந்து நிற்கும். இதனால்தான் ஒரே நம்பரை மட்டும் கேட்பவர்களிடமும் முழு வரிசையை வாங்கச் சொல்கிறேன்.

வெல்க்ரோ ஒட்டியதும் தாளின் முதுகிலிருக்கும் நம்பர் மறைந்துவிடும். 240-ஐயும் 320-ஐயும் கண்ணால் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆகவே ஒவ்வொரு வட்டத்தின் முதுகிலும் மார்க்கரால் வண்ணப் புள்ளி வைக்கிறேன். கூடவே ஒரு துண்டுச் சீட்டு போகும். பென்சிலால் மேற்பரப்பு முழுக்கக் கிறுக்குங்கள், கிறுக்கல் அத்தனையும் மறைந்தால் அந்த நம்பர் முடிந்தது. அடுத்ததைத் தொடுமுன் துணியால் தூளைத் துடையுங்கள், ஒரே ஒரு 80 மணல் தங்கினாலும் அது 400-க்கு அடியில் உருண்டு புதுக்கோடு கிழிக்கும். மரமாக இருந்தால் கடைசி நம்பரை டிரில்லில் போடாமல் கையால் ரேகை வாக்கில் தேயுங்கள், வட்டச் சுழிகள் போய்விடும். இவ்வளவுதான் சீட்டில் இருக்கும்.

எல்லா நம்பரிலும் கொஞ்சம் கொஞ்சம் அனுப்புங்கள் என்று ஒருவர் எழுதிய கடிதம் உப்புத்தாளின் வரலாற்றையே திருப்பியிருக்கிறது. இன்று உலகமெங்கும் தெரிந்த 3எம் கம்பெனி 1902-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் குருந்தக் கல் வெட்டத் தொடங்கப்பட்டது. வெட்டிய கல் குருந்தமே இல்லை என்று பிறகு தெரிந்தது. தட்டுத்தடுமாறி உப்புத்தாள் செய்ய வந்தார்கள். 1914-இல், விற்ற தாளிலிருந்து மணல் உதிர்கிறது என்று புகார் குவிந்தது. தேடிப் பார்த்தால், கப்பலில் வந்த மணல் மூட்டைகளின் மேல் ஆலிவ் எண்ணெய் கொட்டியிருந்தது. எண்ணெய் பட்ட மணலில் பசை பிடிக்கவில்லை. (வெல்க்ரோ ஒட்டுமுன் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.) 1920-இல் பிலடெல்பியாவில் அச்சு மை தயாரித்துவந்த பிரான்சிஸ் ஓக்கி, மணலில் எல்லா அளவிலும் மாதிரி கேட்டு எழுதினார். மணலைத் தனியாக விற்கும் வழக்கம் கம்பெனிக்கு இல்லை. ஆனால் கம்பெனி நிர்வாகி வில்லியம் மெக்நைட் அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடாமல், எதற்குக் கேட்கிறார் என்று விசாரித்தார். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாளை ஓக்கி கண்டுபிடித்திருந்தார். 1921-இல் அது 3எம் சரக்காகச் சந்தைக்கு வந்தது. நம்மூர் ஒர்க்‌ஷாப்பில் காருக்குப் பட்டி தேய்க்கும் வாட்டர் பேப்பர் அந்தக் கடிதத்தின் வழிவந்தது. சில்லறையாகக் கேட்பவனை அலட்சியமாகப் பார்க்கும் கடைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல ஆசை.

தாள் வருவதற்கு முன்பும் நம் பக்கம் தேய்ப்பு இருந்தது. காவிரியோடு மேற்கே திருச்சியைத் தாண்டிப் போனால் திருப்பராய்த்துறை. அங்கே தலமரம் பராய். பிராய் என்றும் சொல்வார்கள். அதன் இலையைத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று நுண்ணிய உப்புத்தாள்போலவே இருக்கும். மரத்தையும் தந்தத்தையும் மெருகேற்ற அந்த இலை பயன்பட்டிருக்கிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையின் பலாக் குடமும், பலகைமேல் துணி ஒட்டிச் சுண்ணப்பொடிப் பூச்சைத் தேய்த்து வழுவழுப்பாக்கிய பிறகே வண்ணம் ஏறும் தஞ்சாவூர் ஓவியமும், காகிதக் கூழ் காய்ந்ததும் உப்புத்தாள் பார்க்கும் தலையாட்டி பொம்மையும் இந்தப் பொறுமையில் பிறந்தவை. அந்தக் கலைஞர்களின் கை நமக்கு வராது. அவர்கள் தாண்டாத படியை நாமும் தாண்டாமல் இருக்கலாம்.

அனுப்புவது ஸ்பீடு போஸ்ட்டில். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலும் அதோடு சேர்ந்துவிட்டது. வட்டங்கள் மட்டும் என்றால் 50 கிராமுக்குள் அடங்கும். செருப்பு அடியையும் சேர்த்தால் அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். அதனால் அடியை ஒருமுறைதான் அனுப்புவேன், அடுத்தடுத்து வட்டம் மட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாள் ஈரம் குடித்துச் சுருண்டுகொள்ளும். அந்த மாதங்களில் வெட்டியதை உடனே பிளாஸ்டிக் கவரில் காற்றுப் போகாமல் அடைத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து ஒட்டுகிறேன்.

உறையில் ஒரு முகக்கவசமும் வைக்கிறேன். வேண்டாம் என்றாலும் வைக்கிறேன். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே உறுதிப்படுத்தி முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. வாகை மரத்தைத் தேய்த்தவர்களுக்கு அதன் தூள் கிளப்பும் தும்மல் நன்றாகத் தெரியும். கையால் தேய்ப்பதைவிட மெஷினில் தூள் பலமடங்கு கிளம்பும். 240-க்கு மேலே போகப்போகக் கண்ணுக்கே தெரியாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் திண்ணையைவிடக் கொல்லைப்புறம் நல்லது.

இப்போது கேட்டு வந்திருப்பது 1 இன்ச் வட்டம். மரக்கரண்டியின் குழிக்கு 2 இன்ச் பெரிது. 25 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால் நேர் வரிசையில் 99, முக்கோணத்தில் 105. ஆறு வட்டத்துக்காக மெனக்கெட வேண்டாம், நேர் வரிசையே போதும். சிக்கல் வெல்க்ரோவில்தான். பரப்பு நான்கில் ஒரு பங்காகிவிடுவதால் பிடிமானமும் அந்த அளவுக்குக் குறைகிறது, ஓரம் கிளம்புகிறது. உயரம் குறைந்த கொக்கி உள்ள வெல்க்ரோ கேட்டிருக்கிறேன். அது வந்ததும் பலாக் கரண்டி ஒன்றில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன்.