கம்ப்யூட்டர் வயலில் நெல் நடவு

கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் வாரத்திலேயே எழும் கேள்வி, "நல்ல கேம் எது?" என்பதுதான். சுடுவதும் துரத்துவதுமாக இல்லாமல், வீட்டில் அனைவரும் உட்கார்ந்து பார்க்கும் கேம் வேண்டும் என்றால், விவசாய சிமுலேஷன் கேம்களைப் பார்க்கலாம். சிமுலேஷன் என்றால் உண்மையான ஒரு வேலையைக் கம்ப்யூட்டரில் செய்து பார்ப்பது. இங்கே நீங்கள் டிராக்டர் ஓட்டி, உழுது, விதைத்து, அறுத்து, விற்க வேண்டும்.

இந்த வகையில் அதிகம் அறியப்பட்டது ஃபார்மிங் சிமுலேட்டர். சுவிட்சர்லாந்தின் ஜயண்ட்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் 2008-ல் இதன் முதல் பதிப்பைத் தந்தது. பின்னர் வந்த பதிப்புகளில் கோதுமை, பார்லி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு எல்லாம் இருந்தன, நெல் இல்லை. 2024 நவம்பர் 12-ல் வெளியான ஃபார்மிங் சிமுலேட்டர் 25-ல்தான் நெல் வந்து சேர்ந்தது. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இது கொஞ்சம் தாமதம்தான். ஆனாலும் வந்திருப்பது எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

இரண்டு வகை நெல்

கேமில் இரண்டு வகை நெல் உண்டு. முதல் வகைக்கு வயலில் தண்ணீர் கட்ட வேண்டும். வயலோரம் உள்ள பம்பை இயக்கி நீர் நிரப்பி, நடவு இயந்திரத்தில் நாற்றுகளை ஏற்றி வரிசையாக நட வேண்டும். அறுவடைக்கு முன் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஜப்பானின் ஐசெக்கி நிறுவன நடவு இயந்திரம் இதில் இடம்பெற்றுள்ளது. பாய் நாற்றங்கால் விட்டு மெஷின் நடவு செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

இரண்டாவது, நீண்ட அரிசி ரகம். இதற்குத் தண்ணீர் கட்ட வேண்டாம். சாதாரண விதைப்புக் கருவியாலேயே விதைக்கலாம். வேதாரண்யம் போன்ற கடைமடைப் பகுதிகளில் ஆற்று நீரை நம்பாமல், மழையை எதிர்பார்த்துப் புழுதியில் செய்யும் நேரடி விதைப்பை இது நினைவுபடுத்தும். நம் ஊரில் நடவும் நேரடி விதைப்பும் ஒரே பயிரின் இரண்டு வழிகள். கேமில் இரண்டு தனிப் பயிர்கள். இந்த வித்தியாசத்தை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

மற்ற புதிய வசதிகள்

1. எருமை, ஆடு: எருமைப் பாலையும் ஆட்டுப் பாலையும் விற்கலாம். ஆலை அமைத்தால் சீஸ் செய்தும் விற்கலாம்.

2. ஆசிய வரைபடம்: ஹூத்தான் பந்தாய் என்ற பெயரில் கிழக்காசியச் சாயலில் ஒரு ஊர் தரப்பட்டுள்ளது. நெல் வயல்களை இங்கே காணலாம்.

3. ஜிபிஎஸ் ஸ்டியரிங்: டிராக்டர் தானாக நேர்கோட்டில் செல்லும். புதியவர்களுக்கு மிக உதவியானது.

4. மண்ணில் தடம்: ஈர மண்ணில் வண்டி சென்றால் டயர் பள்ளம் விழும்.

5. இயற்கைச் சீற்றம்: ஆலங்கட்டி மழையும் சுழற்காற்றும் பயிரை அழிக்கும். இந்தச் சேதம் வேண்டாம் என்றால் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று நிறுத்திவிடலாம்.

கேமில் இல்லாதது என்ன?

இயந்திர வேலை வரை கேம் நன்றாகவே சொல்லித் தருகிறது. தண்ணீர் விஷயத்தில்தான் டெல்டாவிலிருந்து விலகிவிடுகிறது. அங்கே பம்பை இயக்கினால் வயல் நிரம்புகிறது. இங்கே வேதாரண்யம் வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை வந்து, ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து, மேலே உள்ள வயல்கள் எடுத்தது போக மிச்சம்தான் வரும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. நெல் கேமுக்குள் வந்த அதே 2024-ல் அணையில் போதிய நீர் இல்லாமல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். குறுவைக்கு அந்த ஆறு வாரம் பெரிய இழப்பு. போர்வெல் உள்ளவர்கள் சமாளிக்கலாம். கடலோரத்தில் பல இடங்களில் போர்வெல் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான் வரும்.

உப்பு என்ற பிரச்சினையே கேமில் கிடையாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டக் கடலோர வயல்களில் கடல் நீர் புகுந்தது. அந்த மண்ணின் உப்பை நீக்கிய பிறகே மறுபடி நெல் போட முடிந்தது. கேமில் களை எடுக்கலாம், சுண்ணாம்பு இடலாம், உரம் போடலாம். உப்பைக் கழுவும் வேலை எந்த மெனுவிலும் இல்லை.

புயலும் அப்படித்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த பருவத்தில் போடலாம். தென்னை போனால் புதுக் கன்று காய்க்கப் பல வருடம் ஆகும். கேமில் ஒரு பட்டனில் நிறுத்தக் கூடியது, இங்கே ஒரு குடும்பத்தின் பத்து வருட வருமானம்.

விற்பனையிலும் வேறுபாடு உண்டு. கேமில் எந்த இடத்தில் விலை அதிகமோ அங்கே டிரெய்லரை ஓட்டிச் சென்று கொட்டினால் உடனே பணம். நம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பார்கள். 17 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு. மழையில் நனைந்த நெல்லோடு காத்துக் கிடக்கும் நாட்கள் கேமில் வராது.

கேமைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் பலர் இப்போது வயலில் இறங்குவதில்லை. நெல் சாகுபடியை முதலில் திரையில் பார்ப்பவர்கள், "இவ்வளவுதானா விவசாயம்? அப்பா ஏன் கஷ்டம் என்கிறார்?" என்று நினைத்துவிடக் கூடாது.

டெல்டா முறையில் விளையாட

கீழே உள்ள விதிகளை நீங்களே வைத்துக்கொண்டு விளையாடிப் பாருங்கள்.

- இயற்கைச் சீற்றத்தை நிறுத்தாமல் விடுங்கள். பருவ வளர்ச்சி வசதியையும் ஆன் செய்திடுங்கள்.

- நடவு மாதம் வந்ததும் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் மேட்டூர் திறந்தாயிற்று, பம்பை இயக்கலாம். பூ விழுந்தால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். நடவுக் காலமே முடிந்துவிட்டால் அந்தப் பருவம் போனதுதான்.

- தாத்தாவையோ பெரியப்பாவையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். "இந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். கேம் சொல்லாத பல விஷயங்கள் வரும்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா?

வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். 64 பிட் விண்டோஸ், குறைந்தது 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ தரத்தில் தனி கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க்கில் 40 ஜிபிக்கு மேல் இடம் ஆகியவை தேவை. உங்களிடம் என்ன உள்ளது என்று தெரிய கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பகுதியைக் கிளிக் செய்தால் ராம் அளவும் கிராபிக்ஸ் கார்டு பெயரும் கிடைக்கும்.

ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கூடுதல் டிராக்டர், வரைபடம் போன்ற மோட் பைல்களைக் கேமிற்குள் உள்ள மோட்ஹப் பகுதியிலிருந்து மட்டும் டவுன்லோட் செய்திடுங்கள். முகம் தெரியாத தளங்களில் எடுத்தால் வைரஸும் சேர்ந்து வரலாம்.

பழைய கம்ப்யூட்டர் என்றால் கவலை வேண்டாம். எரிக் பரோன் என்ற ஒருவரே உருவாக்கி 2016-ல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். 2019 நவம்பரில் வந்த 1.4 இலவச அப்டேட்டில் அதிலும் நெல் வந்தது. நீர்நிலைக்கு அருகே நட்டால் சீக்கிரம் விளையும். தனியாகத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். தள்ளி நட்டால் தினமும் ஊற்ற வேண்டும், விளைய நாளும் கூடும். தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வித்தியாசம், தெரிந்தோ தெரியாமலோ, இந்தச் சின்ன கேமில் கொஞ்சம் வந்திருக்கிறது.