பனி நாட்டில் முதல் குளிர்காலம்

2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் என் அக்காவின் குடும்பம் மதுரையிலிருந்து கனடாவின் டொரன்டோ நகருக்குக் குடிபெயர்ந்தது. அக்கா, அத்தான், எட்டு வயது மகள். புறப்படும்போது அவர்கள் மொழியைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பள்ளியைப் பற்றியுமே கவலைப்பட்டார்கள். ஆனால் முதல் நான்கு மாதங்களில் தொலைபேசியில் என்னிடம் அவர்கள் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை பௌதிகக் கேள்விகளே! புது நாட்டில் குடியேறுவது என்பது ஒரு வகையில் புதிய வெப்பநிலைக்கும் புதிய காற்றுக்கும் குடியேறுவதுதான். அக்கேள்விகளில் சிலவற்றை இங்கே பார்ப்போம். கடைசிக் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது.

கிரைண்டர் ஏன் ஒத்துவரவில்லை?

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்; வினாடிக்கு 50 சுழற்சிகள். கனடாவின் சாதாரண ப்ளக் பாயின்டில் கிடைப்பதோ 120 வோல்ட், 60 சுழற்சிகள். மதுரையில் வாங்கிய 1000 வாட் மின்கெண்டியை அங்கே செருகினால் என்ன ஆகும்? மின்தடை மாறாதபோது, திறன் வோல்ட்டேஜின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். எனவே வோல்ட்டேஜ் ஏறக்குறையப் பாதியானால் திறன் பாதியாவதில்லை. கால் பங்குக்கு இறங்கிவிடுகிறது. கெண்டி 270 வாட் அளவே வேலை செய்யும். காப்பிக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

மின்மாற்றி ஒன்றை வைத்து வோல்ட்டேஜை உயர்த்திவிடலாம். ஆனால் மின்மாற்றியால் சுழற்சி எண்ணிக்கையை மாற்ற முடியாது. வெட் கிரைண்டரில் உள்ள தூண்டல் மோட்டாரின் வேகம் இந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. 50-க்கு அமைத்த மோட்டார் 60-இல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடப் பார்க்கும். அந்த நாட்டு மின்சாரத்திற்கென்றே செய்த கிரைண்டரை வாங்குவதே நல்லது.

மாவு ஏன் பொங்கவில்லை?

கிரைண்டர் கிடைத்தது, இட்லி கிடைக்கவில்லை. இரவு கரைத்து வைத்த மாவு காலையில் அப்படியே இருந்தது. மாவைப் புளிக்கச் செய்பவை பாக்டீரியாக்கள். அவை வெளியிடும் கார்பன் டை ஆக்சைடுதான் மாவைப் பொங்கச் செய்கிறது. மதுரையின் 30 டிகிரி சென்டிகிரேடு அவற்றுக்கு உகந்தது. கனடா வீட்டின் 20 டிகிரியில் அவை சோம்பிவிடுகின்றன.

அங்குள்ள தமிழர்கள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். அடுப்பை மூட்டாமல், மின் அவனுக்குள் இருக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடிவிடுகிறார்கள். இழை விளக்கு தான் பெறும் மின்சக்தியில் மிகச் சிறு பங்கையே ஒளியாக்குகிறது, மற்றதெல்லாம் வெப்பம். வெப்பம் வெளியேறாத பெட்டிக்குள் அதுவே போதும். மின்சாரத்தை வீணாக்கும் விளக்கு என்று நாம் ஒதுக்கிய குறையே இங்கு குணமாகிவிடுகிறது!

கதவு ஏன் கடிக்கிறது?

'கதவுப் பிடியைத் தொட்டால் கடிக்குது மாமா' என்றாள் அக்கா மகள். காரணம், வறண்ட காற்று. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 10 டிகிரியில் சுமார் 2 கிராமுக்கு மேல் தாங்காது. வெளியிலிருக்கும் அந்தக் குளிர்ந்த காற்று வீட்டினுள் வந்து சூடாகும்போது அதன் நீராவி கூடுவதில்லை. தாங்கும் திறன் மட்டுமே கூடுகிறது. ஆகவே ஒப்பு ஈரப்பதம் 12 சதவீதம் அளவுக்கு விழுந்துவிடுகிறது. உதடு வெடிப்பதும் தோல் அரிப்பதும் இதனால்தான்.

கம்பளத்தின் மேல் காலுறையுடன் நடக்கும்போது உராய்வினால் உடலில் மின்னூட்டம் சேர்கிறது. ஈரமான நம் ஊரில் அது உடனே கசிந்துவிடும். அங்கே கசிய வழியில்லை. உலோகப் பிடியை விரல் நெருங்கியதும் பொறியாகப் பாய்கிறது. ஒரு மில்லிமீட்டர் காற்று இடைவெளியைத் தாண்டச் சுமார் 3000 வோல்ட் தேவை. இவ்வளவு வோல்ட்டா என்று அஞ்ச வேண்டாம். பாயும் மின்னூட்டம் மிகச் சொற்பம், ஆபத்தில்லை.

வெப்பமானி பொய் சொல்கிறதா?

'மைனஸ் 10 என்று போட்டிருக்கிறது. ஆனால் மைனஸ் 20 போல் உணரப்படும் என்கிறார்களே, எது உண்மை?' என்று அத்தான் கேட்டார். இரண்டும் உண்மையே. நம் உடலைச் சுற்றி, உடற்சூட்டால் வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று உண்டு. காற்று வீசும்போது அது கலைந்து, உடல் வேகமாக வெப்பத்தை இழக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் மைனஸ் 10 டிகிரி, காற்றில்லாத மைனஸ் 20 போலத் தோலை வாட்டும். கனமான ஒரு கோட்டைவிட மெல்லிய உடைகள் பலவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக அணிவது நல்லது. குளிரைத் தடுப்பது துணியைவிட, அவற்றுக்கிடையே சிறைப்பட்ட காற்றுதான். துணி நனையக் கூடாது. நீர் காற்றைப் போல் சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும்.

கரி அடுப்பை ஏற்றலாமா?

டிசம்பர் இறுதியில் ஓர் இரவு பனிப்புயலில் மின்சாரம் நின்றது. வீட்டைச் சூடாக்கும் உலை எரிவாயுவில் எரிவதுதான்; ஆனால் அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். எனவே அதுவும் நின்றது. அக்கா பதற்றத்துடன் பேசினாள்: 'தம்பி, பால்கனியில் கரி அடுப்பு இருக்கிறது. உள்ளே கொண்டு வந்து ஏற்றட்டுமா? பாப்பா நடுங்குகிறாள்.'

'வேண்டவே வேண்டாம் அக்கா' என்றேன். கரி எரியும்போது உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, செஞ்சூடான கரியினூடே எழும்போது இன்னொரு கார்பன் அணுவைப் பற்றிக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இதைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி, பிறகு மரணம். தூங்குபவர் விழிப்பதேயில்லை. புகையில்லாமல் கனலும் கரி பாதுகாப்பானது என்று எண்ணுவதே பெரிய ஆபத்து.

ஓட்டு வீட்டில் கரி அடுப்பைப் பயன்படுத்திய நம் பாட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கலாம். ஓட்டிடுக்குகளும் திறந்த முற்றமும் அவர்களைக் காத்தன. கனடா வீடோ வெப்பம் வெளியேறாதபடி இடுக்குகள் அடைக்கப்பட்டது. நம் மலை ஊர்களிலும் மூடிய அறையில் கரியை மூட்டித் தூங்கி இறந்தவர்கள் உண்டு.

2013 டிசம்பரில் டொரன்டோவை உறைமழைப் புயல் தாக்கியபோது சுமார் 3 லட்சம் இணைப்புகளில் மின்சாரம் நின்றது. அப்போதும் வீட்டினுள் கரி மூட்டியவர்கள் இவ்வாயுவால் பாதிக்கப்பட்டனர். 2006 டிசம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் புயலுக்குப் பின் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் பலர் புதிதாகக் குடியேறியவர்கள். அங்குள்ள நாளிதழ் முதல் பக்கத்தில் பல மொழிகளில் எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். தம் ஊரில் பழகிய பழக்கத்தைப் புது வீட்டிற்குள் கொண்டு சென்றார்கள்; அவ்வளவுதான்.

அன்றிரவு மூவரும் ஒரே அறையில், கதவிடுக்கில் துணி அடைத்து, கம்பளிகளைப் போர்த்தி நெருங்கிப் படுத்தார்கள். ஓய்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் தருகிறது. மூவர் சேர்ந்தால் ஒரு சிறு ஹீட்டர்! விடியுமுன் மின்சாரம் வந்துவிட்டது.

ஒன்டாரியோ மாகாணத்தில், எரிபொருள் எரியும் சாதனமுள்ள வீடுகளில் இவ்வாயுவைக் கண்டறியும் அலாரம் 2014 முதல் கட்டாயம். அக்கா வீட்டுக் கூடத்திலும் அது இருந்தது. அந்த வெள்ளைப் பெட்டி எதற்கென்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது. மறுநாள் காலை அத்தான் செய்த முதல் வேலை, நாற்காலி போட்டு ஏறி அதன் பேட்டரியைச் சோதித்ததுதான்.